நாலு வெல்டு, ஒன்பது மாசம், ஒரு ஹீட் நம்பர்

தகடை வெட்டி, வளைத்து, நாலு இடத்தில் வெல்டு அடித்தால் வேலை முடிந்தது. எங்கள் அம்பத்தூர் பட்டறையில் ஒரு ஆள் ஒரு ஷிஃப்டில் இருபது போடுவார். அந்தப் பிராக்கெட்டை ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ரயிலுக்குக் கொடுத்து ஓகே வாங்க எனக்கு ஒன்பது மாசம் ஆயிற்று. எந்த ஊர் ரயில், எந்தக் கம்பெனி என்றெல்லாம் எழுத முடியாது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இந்த ரயில்களில் ஓட்டுநருக்குத் தனி கேபின் கிடையாது. முன் கண்ணாடிக்குக் கீழே மூடி போட்டுப் பூட்டிய ஒரு கன்ட்ரோல் பலகை மட்டும் இருக்கும். சிஸ்டம் படுத்துவிட்டால் ஊழியர் வந்து பூட்டைத் திறந்து கையால் ஓட்டிக்கொண்டு போவார். அந்த மூடியைத் தாங்குவதுதான் நம் பிராக்கெட்.

2020 டிசம்பரில் டெல்லி மெஜந்தா தடத்தில் இந்தியாவின் முதல் ஓட்டுநரில்லா ரயில் ஓடியபோது எங்களுக்கு அது வெறும் செய்தி. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் முழுக்க இதே மாதிரி ரயில்தான் என்றானதும், 2024 அக்டோபரில் முதல் ரயில் பூந்தமல்லி டிப்போவுக்கே வந்து நின்றதும், எஸ்டேட் டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. ரயில் பெட்டி வேலைக்காக நாங்கள் முன்பே இஎன் 15085 வெல்டிங் சர்டிஃபிகேட் வாங்கி வைத்திருந்தோம். என்கொயரி வந்தது, விலை படிந்தது, ஆடிட்டும் முடிந்தது. இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன்.

முதல் அடி வெல்டர் அண்ணனிடமிருந்து. இருபத்திரண்டு வருஷ அனுபவம், கை அப்படி ஒரு கை. ஆனால் வெல்டரின் கைத்திறனுக்குத் தரும் ஐஎஸ்ஓ 9606 சர்டிஃபிகேட்டில் ஆறு மாசத்துக்கு ஒரு முறை நாங்களே கையெழுத்துப் போட்டு உறுதி செய்ய வேண்டும். பதினொரு நாள் தவறவிட்டிருந்தேன். சர்டிஃபிகேட் செல்லாது, மறுபடி டெஸ்ட். டெஸ்ட் லேபுக்குப் போனால் கவுன்டரில் இருந்தவர் ஆதார் ஒரிஜினல் கேட்டார். அண்ணனிடம் ஜெராக்ஸ்தான் இருந்தது. "போன வாட்டி ஜெராக்ஸ்தானே சார் வாங்குனீங்க?" "அது போன வாட்டி." திருநின்றவூர் போய்த் திரும்புவதற்குள் கவுன்டர் மூடிவிட்டார்கள். உங்கள் பட்டறையில் எத்தனை வெல்டரோ அத்தனை பேருக்கும் போனில் அலாரம் வையுங்கள். நான் இப்போது மனைவி போனிலும் வைத்திருக்கிறேன்.

அடுத்ததுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல். முதல் லாட் 24 பீஸ் தயார். சோதிக்க வந்தது ஒரு இளம்பெண் இன்ஜினியர். அளவெல்லாம் கச்சிதம், வெல்டைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு பிராக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஹீட் நம்பர் எங்கே சார்?" என்றார்.

ஸ்டீல் மில்லில் ஒரு தடவை உருக்கி எடுக்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு நம்பர் உண்டு, அதுதான் ஹீட் நம்பர். அதைத் தகடின் மேலேயே மையில் அச்சடித்து அனுப்புவார்கள். மில் சர்டிஃபிகேட்டில் இருப்பதும் அதே நம்பர். வெட்டுவதற்கு முன்னால் அதை ஒவ்வொரு துண்டுக்கும் பஞ்ச் அடித்து மாற்ற வேண்டும். எங்கள் பையன் என்ன செய்திருக்கிறான் தெரியுமா? "ஆபீசர் வர்றாங்க, பளபளன்னு இருக்கட்டும்" என்று முந்தின நாளே தின்னர் போட்டு எல்லா மையையும் துடைத்திருக்கிறான்! அவனைத் திட்டவும் மனசு வரவில்லை. பஞ்ச் அடிக்கச் சொல்லாதது நான்.

லேபில் காட்டி, கேட்ட 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் என்று ரிப்போர்ட் வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சினேன். "304-ன்னு காட்டலாம் சார். இந்த சர்டிஃபிகேட்ல இருக்கிற 304-ன்னு எப்படிக் காட்டுவீங்க?" பதில் இல்லை. கிளம்பும்போது அவர் சொன்னது மட்டும் உறைத்தது: "சாதாரண ரயில்ல மூடி கடகடன்னு ஆடினா டிரைவர் டிப்போவுல எழுதிக் குடுத்துடுவார். இதுல அதைக் கேட்க ஆளே இல்லையே."

24 பீஸும் ஸ்கிராப். புதுத் தகடுக்குப் பாரிமுனைக்கு மூன்று நடை. பழைய டீலர் கொடுத்த சர்டிஃபிகேட்டில் ஒரு நம்பர், தகடில் வேறு நம்பர். கேட்டால் "எல்லாம் ஒரே மில்லுதான் சார், போட்டுக்கங்க" என்கிறார். கடைசியில், வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே தகடையும் சர்டிஃபிகேட்டையும் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுக்கவிட்ட இன்னொரு டீலரிடம் வாங்கினேன். கிலோவுக்குச் சில ரூபாய் கூடத்தான், போகட்டும். 3.1 வகை சர்டிஃபிகேட்டா, அதாவது அந்தத் தகடின் தொகுதியையே சோதித்து மில் கொடுத்ததா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பிராக்கெட்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய ரப்பர் கேஸ்கெட்டில் இன்னும் ஆறு வாரம் போயிற்று. தீ பாதுகாப்புக்கான இஎன் 45545-இல், அவசரத்துக்கு உதவப் பயிற்சி பெற்ற ஆள் இல்லாமல் தானாக ஓடும் வண்டிகளுக்கென்றே தனி வகை ஒன்று உண்டு. சப்ளையர் டெஸ்ட் ரிப்போர்ட் பக்காவாக வைத்திருந்தார், ஆனால் அது 3 மி.மீ.க்கு. நம் டிராயிங்கில் 5. கனம் மாறினால் அந்த ரிப்போர்ட் நமக்கு உதவாது. இப்போதெல்லாம் விலை கேட்பதற்கு முன்னால் ரிப்போர்ட்டைத்தான் கேட்கிறேன்.

இரண்டாவது லாட் ஒரே நாளில் பாஸ். அதே இன்ஜினியர்தான், டீ குடித்துவிட்டுப் போனார்.

பஞ்ச் செட் இரண்டு வாங்கிப் போட்டிருக்கிறேன். பையன் இப்போது கையளவு துண்டு மிஞ்சினால்கூட நம்பர் அடிக்காமல் விடுவதில்லை. போன வாரம் ஸ்கிராப் எடுக்க வந்தவர் ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "என்னா சார், குப்பைக்கும் நம்பரா?"