பைண்டர் வெளியேறும் வரை

ஜூன் 11, நாகர்கோவில் கோணம்
குளச்சல் விசைப்படகுக்காரர் ஒருவர் கடல்நீர் பம்பின் இம்பெல்லரை, அதாவது தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரத்தைக் கொண்டு வந்தார். இதழ்கள் அரித்துப்போயிருந்தன, அந்த மாடல் இப்போது கிடைப்பதில்லையாம். மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை ஜூலை 31 வரை. "அதுக்குள்ள தந்திருவியா மக்களே?" என்றார். 316எல் ஃபிலமென்டில் 3டி பிரிண்டரில் அச்சடித்துத் தருவதாக ஒத்துக்கொண்டேன். 316எல் என்பது துருவைத் தாங்கும் எஃகு. அதன் துகளை மெழுகும் பிளாஸ்டிக்கும் கலந்த பைண்டரால் பிணைத்த இழைதான் இந்த ஃபிலமென்ட். அச்சடித்த பிறகு மெழுகை அசிட்டோனில் கரைத்து, மிச்சத்தைச் சூட்டில் போக்கி, துகள்களைச் சூளையில் ஒன்றாக இணைக்க வேண்டும்.

ஜூன் 18
சூளையிலிருந்து எடுத்தால், தண்டு நுழையும் நடுக்குடத்தில் கொப்புளமும் விரிசலும். தவறு என்னுடையது. அசிட்டோனில் ஒரு ராத்திரி ஊறினால் போதும் என்று நினைத்துவிட்டேன். இதழ் 3 மி.மீ., நடுக்குடம் 9 மி.மீ. மெழுகு கரைந்து வெளியே வர ஆகும் நேரம் ஏறத்தாழ தடிமனின் வர்க்கத்தோடு ஏறுகிறது. மூன்று மடங்கு தடிமனென்றால் ஒன்பது மடங்கு நேரம். இதழ்கள் காலியாகிவிட்டன, நடுக்குடத்தில் மெழுகு தங்கிவிட்டது. சூட்டில் அது வாயுவாகி, வழியில்லாமல் உலோகத்தைப் பிளந்திருக்கிறது.

ஜூன் 25
நடுக்குடத்தை உள்ளே குடைந்து, சுவரை 4 மி.மீ. ஆக்கி மறுபடி அச்சடித்தேன். எடை 90 கிராம். அதில் கரையக்கூடிய பைண்டர், அதாவது மெழுகு, 4 கிராம் இருக்க வேண்டும். அசிட்டோனை 40 டிகிரியில் வைத்தேன். ஆவி எளிதில் தீப்பிடிக்கும், அதனால் பக்கத்துப் பட்டறை அண்ணனிடம் சொல்லி கிரைண்டரை நிறுத்தி வைத்தேன்.
தினமும் எடுத்து, நன்றாக உலர்த்தி எடை போட்டேன். மொத்தமாகக் குறைந்த எடை முதல் நாள் 2.1 கிராம், இரண்டாம் நாள் 3.3, மூன்றாம் நாள் 3.9. நான்காம் நாளும் 3.9தான். சரி, இனி கரைய ஒன்றும் இல்லை. மணிக்கணக்கை நம்பாமல் தராசை நம்பியிருக்க வேண்டும், முதல் தடவையே.

ஜூன் 28
மிச்ச பைண்டர் சூட்டில்தான் போகும். 200 டிகிரியிலிருந்து 600 வரை மெதுவாக ஏற்றினேன், ஆர்கான் வாயு ஓட்டத்தை ஒரு நிமிடம்கூட நிறுத்தவில்லை. பைண்டர் சிதைந்து வரும் புகையை அந்த வாயு இழுத்துப் போகாவிட்டால் கரி துகள்மேலேயே படியும். 316எல்லில் கரி 0.03 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் உப்புத் தண்ணீரில் துருதான். வெளியே விடாத மழை. நல்லவேளை, கரண்ட் போகவில்லை.

ஜூலை 9
சின்டரிங், அதாவது துகள்களைச் சூட்டில் ஒன்றாக இணைப்பது, முடிந்தது. ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சுருங்கியது, நான் விட்டிருந்த கணக்குதான். தண்டு சரியாக உட்கார்ந்தது. குளச்சல் கடல்நீரில் ஒரு வாரமாக ஊறுகிறது. பக்கத்தில் பழைய விரிசல் துண்டையும் போட்டிருந்தேன். அதில் மூன்றாம் நாளே விரிசலோரம் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. புதியதில் இதுவரை ஒரு புள்ளிகூட இல்லை. இன்னொரு வாரம் ஊறட்டும், அதன்பிறகு கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.