ரிமோட் பாகர் இயக்க ஒப்புதல் பெற்ற அனுபவம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் கால்கூர்லி பகுதியில், நிலத்தடித் தங்கச் சுரங்கம் ஒன்றில் இருக்கையில் அமர்ந்து பாகர் ஓட்டிவந்த நான், அதே இயந்திரத்தை ரிமோட்டில் இயக்க ஒப்புதல் பெற்ற விதத்தை இத்துறைக்கு வர எண்ணுவோருக்காக எழுதுகிறேன். பாகர் என்பது ஒரே அள்ளலில் பல டன் தாதுக்கல்லை எடுக்கும், நடுவில் மடங்கித் திரும்பும் தாழ்வான லோடர். வெடி வைத்துத் தாது எடுத்த குடைவின் கூரைக்கு, கல்லைத் தாங்கிப் பிடிக்கும் போல்ட்டோ வலையோ இராது. எந்நேரமும் கல் விழலாம் என்பதால் அதன் வாயைத் தாண்டி ஆள் போகக் கூடாது, இயந்திரம் மட்டுமே போகும்.

வகுப்பும் எழுத்துத் தேர்வும் விரைவில் முடிந்தன. ஜாய்ஸ்டிக்கை அசைப்பதைவிட எங்கே நிற்பது என்பதைத்தான் பயிற்சியாளர் ஓயாமல் கேட்டார். அது நியாயமே, ஆஸ்திரேலியச் சுரங்கங்களில் ரிமோட் ஆபரேட்டர்கள் தாமே இயக்கிய இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கி இறந்திருக்கிறார்கள். ஆகவே சுவரில் குடைந்த ஒதுக்கிடத்தில், இயந்திரம் எட்டாத இடத்தில் நின்று, குடைவின் வாய் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே வேலை தொடங்க வேண்டும். பாதையின் நுழைவாயிலில் சங்கிலியும் பலகையும் அதற்கு முன்பே மாட்டப்பட்டிருக்க வேண்டும்.

மிகவும் ஆபத்தானது, கேபினிலிருந்து ரிமோட்டுக்கு மாறும் அந்தச் சில நிமிடங்கள்தான். பக்கெட்டைத் தரையில் இறக்கி, பார்க்கிங் பிரேக் போட்டு, சுவிட்சை மாற்றி இறங்கும்போது இடுப்பில் கட்டிய ரிமோட் பெட்டி அணைந்தே இருக்க வேண்டும். அணைக்காத பெட்டி ஏணியில் உரசி இயந்திரம் அசைந்தால், மடங்கும் இடுக்கில் நிற்பவர் பாடு அவ்வளவுதான். ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் பெட்டியைச் சாய்த்துப் பார்ப்போம். ஆபரேட்டர் கீழே விழுந்தால் பிரேக் பிடிக்க வேண்டும் என்பதற்கான சோதனை அது. அவசர நிறுத்தப் பொத்தானையும், சிக்னல் அறுந்தால் வண்டி தானே நிற்கிறதா என்பதையும் அவ்வாறே பார்ப்போம்.

இயந்திரம் நம்மை நோக்கி முகம் திருப்பும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும். கை அதற்குப் பழகும்வரை பயிற்சியாளர் என்னைச் செய்முறைத் தேர்வுக்கு அனுப்பவில்லை.

பின்னர் தரைமட்டக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கேமராவில் இயக்கவும் கற்றேன். பாதையை மறிக்கும் லேசர் கதிரை யாரேனும் கடந்தால் பாகர் நின்றுவிடும். உடல் பாதுகாப்பில் இதுவே மேல். ஆனால் டயர் வழுக்குவதையும் கல் முனகுவதையும் அங்கிருந்து உணர முடிவதில்லை. என் ஒப்புதல் தாளில் ஒரே மாடலின் பெயர்தான் இருக்கிறது. வேறு மாடலுக்குப் போனால் மதிப்பீட்டுக்கு மறுபடியும் நிற்க வேண்டும்.