ஸ்வைப் கார்டு கணக்கு

பெங்களூரு மாரத்தஹள்ளியிலிருந்து சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி ஆபீஸ் போய்ச் சேரவே ஒன்றேகால் மணி நேரம். அது கணக்கில் வராது. ஆபீஸ் வாசலில் உள்ளே போகவும் வெளியே வரவும் தேய்க்கும் ஸ்வைப் கார்டு 9 மணி நேரம் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு நாளாக எல்லோரையும் படுத்திய பில்லிங் பிழையை எங்கள் டீமின் மதுரைக்காரப் பெண் மதியத்துக்குள் சரிசெய்துவிட்டு, மகளைக் கூட்டிவர 4 மணிக்குக் கிளம்பினாள். மாதக் கடைசியில் 'நேரம் குறைவு' என்று மெயில். ராத்திரி எட்டு வரை டீயும் கேரமுமாக இருப்பவருக்குப் பாராட்டு! (கேரம் நன்றாகவே ஆடுவார், பொய் சொல்லக்கூடாது.)

1948 தொழிற்சாலைச் சட்டம் வாரம் 48 மணி நேரம் என்றது, அதற்கு மேல் ஆளைக் கசக்கக் கூடாது என்றுதான். அந்த உச்சவரம்பை நாம் பாஸ் மார்க் ஆக்கிவிட்டோம்.

அப்புறம், அவள் ரெஸ்யூமே தூசி தட்டுகிறாளாம்.