மார்ச் மாதம்: ஒரு அட்மின்காரரின் நாட்குறிப்பு

மார்ச் 4, புதன்

தேசியப் பாதுகாப்பு தினம் (எல்லைப் பாதுகாப்பு அல்ல, வேலையிடத்துப் பாதுகாப்பு). 1966-ல் இதே தேதியில்தான் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் தொடங்கப்பட்டது. வழக்கம்போல உறுதிமொழி வாசித்தோம், பேட்ஜ் குத்திக்கொண்டோம். அதற்கான பேனரைக் கட்டிய பையன் ஏறி நின்றதோ சக்கரம் வைத்த நாற்காலி மேல்! கீழே ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு "பாத்துடா, பாத்துடா" என்கிறார். பையனைத் திட்டி என்ன பயன்? ஏணி ஜெனரேட்டர் ரூமில், சாவி வாட்ச்மேன் அண்ணனிடம், அண்ணன் டீக்கடையில். ரெக்கார்டு ரூமிலேயே கிடக்கட்டும் என்று இரண்டு படி ஸ்டூல் ஒன்றுக்கு இன்டென்ட் (வாங்கித் தரச் சொல்லும் கோரிக்கை) போட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

வருஷக் கடைசி. ஆடிட்டர் கேட்ட வவுச்சரைத் தேடி அக்கவுண்ட்ஸ் அக்கா இரும்பு கேபினெட்டின் மேல் டிராயரை முழுக்க இழுத்தார். அதை மூடாமல் அடுத்ததையும் இழுத்ததும் கேபினெட்டே முன்பக்கம் சாய்ந்துவிட்டது. எதிரில் இருந்த மேஜை தாங்கிக்கொண்டதால் முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

திறந்து பார்த்தேன். மேல் இரண்டு டிராயரிலும் கனமான பாக்ஸ் ஃபைல்கள். அடி டிராயரில் தீபாவளி சீரியல் செட்டும் காலி டப்பாக்களும். புது மாடல்களில் ஒரு டிராயர் திறந்திருந்தால் இன்னொன்று திறக்காது. எங்களுடையது பழசு, அந்தப் பூட்டு கிடையாது. சாயங்காலமே கனத்தையெல்லாம் அடிக்கு மாற்றினோம். சுவரோடு போல்ட் போட ஆள் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

சேல்ஸ் பக்கம் கருகல் வாடை. மேஜைக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் வெந்நீர் கெட்டில். பிளக் துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி இளகிப் போயிருந்தது. கணக்கு எளிது: 6 ஆம்பியர் பாயின்ட், 230 வோல்ட், ஆகமொத்தம் 1,380 வாட்தான் தாங்கும். கெட்டில் ஒன்றே 1,500 வாட். அதோடு லேப்டாப் சார்ஜர்கள் வேறு. கெட்டிலைப் பிடுங்கினால் நாளைக்கே வேறொரு மூலையில் முளைக்கும். அதனால் பேன்ட்ரியில் 16 ஆம்பியர் பாயின்ட் போட்டு அங்கேயே வைத்தாயிற்று.

மார்ச் 10, செவ்வாய்

ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் தினமும் ஈரம். ஹவுஸ்கீப்பிங் அக்கா தினமும் துடைக்கிறார், மஞ்சள் போர்டும் வைக்கிறார். போன வாரம் ஒருவர் வழுக்கியதற்கு அந்த அக்காவைத்தான் எல்லோரும் குறை சொன்னார்கள். மேலே ஏ.சி. தண்ணீர் போகும் குழாயில் அடைப்பு. மெக்கானிக் ஊதிவிட்டுப் போனதும் தரை காய்ந்துவிட்டது.

மார்ச் 12, வியாழன்

அவசரப் படிக்கட்டில் ஏ4 பேப்பர் அட்டைப்பெட்டிகள், பழைய மானிட்டர்கள். அகற்றச் சொன்னால் "சார், ரெண்டு நாள்தான்" என்கிறார்கள். மானிட்டர் மேல் படிந்த தூசியைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பழைய இரும்புக்காரரை வரச்சொன்னேன்.

தீயணைப்பான்களையும் பார்த்தேன். பவுடர் சிலிண்டர்களில் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறது. சர்வர் ரூமில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு. அதில் முள்ளே இருக்காது, எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அடிக்கும்போது அதன் கொம்புக்குழாயை வெறுங்கையால் பிடித்தால் கடுங்குளிரில் தோல் புண்ணாகிவிடும். சர்வர் ரூம் பையன்களுக்கு இது புதுச் செய்தி.

மார்ச் 13, வெள்ளி

"அனைவரும் கவனமாக இருக்கவும்" என்று சர்க்குலர் ஒன்று அனுப்பச் சொன்னார் மேனேஜர். போல்ட்டுக்கும் ஸ்டூலுக்கும் ஆன பில்லை நீட்டி, முதலில் இதில் கையெழுத்துப் போடுங்கள் சார் என்றேன். முனகிக்கொண்டே போட்டார்.