இரணைமடுக் கட்டில் ஒரு செல்லப்பா

2003 ஆவணி விடுமுறையில், உயர்தரம் படித்துக்கொண்டிருந்த நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து நாலு நிமிடப் படம் ஒன்று எடுத்தோம். இந்த மலருக்குக் கட்டுரை எழுதச் சொன்னதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அதுதான்.

‘காதலிக்க நேரமில்லை’ வன்னியில் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஸ்ரீதரின் அந்தப் படம் வந்தது 1964 இல். மின்சாரம் இல்லாத வருடங்களில் யாராவது ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்டால், பெரியவர்கள் கேட்டு வாங்கிப் போடுவிப்பது இதைத்தான். ‘ஓஹோ புரொடக்சன்ஸ்’ என்று படக்கம்பனி வைத்திருக்கும் நாகேஷ் தகப்பன் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடம் வந்ததும், பாயில் படுத்துவிட்ட எங்களைத் தட்டி எழுப்புவார்கள்.

அந்தக் காட்சியைத்தான் நாங்கள் வயலுக்குக் கொண்டுவந்தோம். படத்தில் பாலையாவின் பெயர் விசுவநாதன், நாகேஷின் பெயர் செல்லப்பா. எங்கள் விசுவநாதன் ஒரு வயல்காரர். மகன் செல்லப்பா படம் எடுக்கக் காசு கேட்டு வருகிறான். காவல் கொட்டிலில் தனியே இருக்கிற ஒருவனிடம் இரவில் யானை வருகிறது என்று தகப்பனுக்குக் கதை சொல்லுகிறான். செல்லப்பா நான்.

கமெரா, கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிற அண்ணை ஒருவருடையது. பற்றரி அரை மணித்தியாலம்தான் தாங்கும். வெட்டி ஒட்ட வசதி இல்லை. ஆகவே கதை போகிற ஒழுங்கிலேயே எடுக்கவேண்டும். பிழைத்தால் ரேப்பைப் பின்னுக்குச் சுற்றி அதன் மேலேயே திரும்ப எடுக்கவேண்டும். ஒவ்வொரு வசனத்தையும் பத்துத் தரம் சொல்லிப் பார்த்த பிறகுதான் அண்ணை பொத்தானை அமத்துவார்.

முதல் நாள் எடுத்ததைப் போட்டுப் பார்த்தோம். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கமெரா முழுக்க என் முகத்திலேயே நின்றது. தமிழ் படிப்பித்த சேர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “நாகேசை விடுங்கோடா. பாலையாவின்ர முகத்தைப் பாருங்கோ.”

திரும்பக் ‘காதலிக்க நேரமில்லை’யைப் போட்டுப் பார்த்தோம். கதவுச் சத்தம், காலடிச் சத்தம் எல்லாவற்றையும் நாகேஷ் வாயாலேயே போடுகிறார். ஆனால் பயம் பாலையாவின் கண்ணில்தான் ஏறுகிறது. அவர் பயப்படப் பயப்படத்தான் நமக்குச் சிரிப்பு. கதை சொல்லுகிறவனைவிடக் கேட்கிறவன் நன்றாக நடிக்கவேண்டிய காட்சி அது. இன்றைக்கும் அந்தக் காட்சியைப் பார்த்தால் என் கண் பாலையாவிடம்தான் போகும்.

விசுவநாதனின் வசனம் முழுவதையும் வெட்டினோம். அவனுக்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது: “பிறகு?”

அந்தப் படத்தின் காட்சிகளைப் பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறு அணையடியில் எடுத்தவர்கள் என்று சேர் சொல்லியிருந்தார். அணை எங்களிடமும் இருந்தது. கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுக் கட்டில் அடுத்த ஞாயிறு திரும்ப எடுத்தோம். சோளகம் விடாமல் வீசியது. மைக்கில் என் குரலை மேவிக் காற்று உறுமியது. எல்லாம் வீண் என்று அண்ணை தலையில் கை வைத்தார். இரவு போட்டுக் கேட்டால், அந்த உறுமல் யானை மூச்சுவிடுவது போலவே இருந்தது. ஒரு சத்தத்தையும் மாற்றவில்லை.

வாணி விழாவன்று பள்ளிக்கூட மண்டபத்தில் ஜெனரேற்றர் வைத்துக் காட்டினோம். மூன்று தரம் போடச் சொன்னார்கள். முன்வரிசையில் அம்மாமார் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். பின்னால் நின்ற கமக்காரர் ஒருவர் மட்டும் சிரிக்கவேயில்லை. முடிந்ததும் என்னிடம் வந்தார். “யானை வந்தால் கதைக்க நேரமிராது தம்பி. ஆனா அந்தப் பெடியன் முழிச்சானே, அது சரியான முழி.” அந்த வார்த்தை எங்களுக்குப் பரிசளிப்பு விழா மாதிரி.

2009 இல் மற்ற எல்லாவற்றோடும் அந்த ரேப்பும் போய்விட்டது.

விசுவநாதனாக நடித்தவன் இப்போது பாரிசில் இருக்கிறான். இந்தக் கட்டுரைக்காகப் போன கிழமை அவனுக்குப் போன் எடுத்தேன். சுகம் விசாரித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தொடங்கினேன்: “நல்ல இருட்டு. காவல் கொட்டில். ஒருத்தன் தனிய இருக்கிறான்…”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அதே குரல், அதே நடுக்கம்:

“பிறகு?”