ரப்பர் மரப்பட்டைக்குள் பால் எங்கே இருக்கிறது?

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கம் பால்வெட்டக் கற்பவர்கள் முதலில் பட்டையின் குறுக்குவெட்டைப் பார்க்க வேண்டும். வெளியே தக்கை, அடுத்து கல்செல்கள் நிறைந்து நறநறக்கும் கடினப்பட்டை. அதற்கும் உள்ளே மென்பட்டை, அதாவது உணவைக் கடத்தும் ஃபுளோயம். பால்குழாய்கள் இங்கேதான் வளையம் வளையமாக இருக்கின்றன, கேம்பியத்தை (மரக்கட்டைக்கும் பட்டைக்கும் நடுவே புதுப்பட்டையை உருவாக்கும் மெல்லிய திசு) நெருங்க நெருங்க அடர்த்தியாக. ஆகவே கத்தி ஆழமாகவே போகட்டும், ஆனால் கேம்பியத்துக்கு 1 மில்லிமீட்டர் முன்பே நின்றுவிட வேண்டும். கேம்பியம் காயப்பட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுவெட்டுக்கு அந்த இடம் உதவாது. இதுதான் பெரிய நஷ்டம்.

குழாய்கள் செங்குத்தாக நிற்பதில்லை, சற்றே வலப்பக்கம் சாய்ந்து மேலேறுகின்றன. அதனால் இடது மேலிருந்து வலது கீழாக, ஒட்டுமரத்தில் (மொட்டு ஒட்டி வளர்த்த மரத்தில்) 30 டிகிரி சரிவில் வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். விடியலில் திசுக்களுக்குள் நீரழுத்தம் கூடுதல், அதனால் பால் நன்றாக வடியும். வெயில் ஏறிய பின் வெட்டினால் பால் பிடிக்கும் சிரட்டையில் அளவு குறையும்.