"பத்து தீகாவில் ஓடின கார்" என்று சொல்லி விற்க வந்தால்

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு பழைய இத்தாலியக் கார் விற்பனைக்கு வந்தால், அதோடு ஒரு கதையும் சேர்ந்து வரும். "பத்து தீகாவில் ஓடியது", "தாம்சன் ரோட்டில் ஜெயித்தது" என்பார்கள். முன்னது சிலாங்கூரில் இருந்த பந்தயத் தடம், பின்னது சிங்கப்பூரின் பழைய பந்தயத் தடம். கதைக்கும் சேர்த்துத்தான் விலை கேட்பார்கள். அந்த மாதிரிக் கார் அந்தக் காலத்தில் ஓடியது உண்மையாக இருக்கலாம். உங்கள் முன்னால் நிற்கும் இந்தக் கார்தான் ஓடியதா என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். அதற்கு இரும்பு, தொழிற்சாலைப் பதிவு, பந்தயத் தாள் என்ற மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

ஆல்ஃபா ரோமியோ 105 வரிசைக் கூப்பேயை வைத்தே சொல்கிறேன். 1963இல் வந்த கார். பெர்த்தோனே வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்தபோது ஜுஜாரோ வரைந்த உடல். 1965இல் இதிலிருந்து பந்தயத்துக்காக எடை குறைத்த ஜிடிஏவை உருவாக்கினார்கள். வெளித்தகடெல்லாம் அலுமினியம், ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக், எடை சாதாரணக் காரைவிடச் சுமார் 200 கிலோ குறைவு. 1600 ஜிடிஏ மொத்தமே ஏறக்குறைய 500தான் செய்தார்கள். கார்லோ கிட்டி நடத்திய ஆட்டோடெல்டா இதைப் பந்தயத்துக்குத் தயார் செய்தது; 1966, 1967 இரண்டு ஆண்டும் ஆந்த்ரேயா தே அதாமிச் இதில் ஐரோப்பிய டூரிங் கார் பட்டம் வாங்கினார். இவ்வளவு பெயரும் இவ்வளவு குறைந்த எண்ணிக்கையும் சேர்ந்ததால், சாதாரண இரும்பு உடல் காரில் ஜிடிஏ சின்னத்தை ஒட்டி விற்பது உலகம் முழுக்க நடக்கிறது.

முதலில் எல்லோரும் கையில் எடுப்பது காந்தம். மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தைக் கதவு, பானட், கூரை, மட்கார்டு என்று ஒவ்வொன்றிலும் வைத்துப் பாருங்கள். ஜிடிஏ என்றால் வெளித்தகட்டில் ஒட்டாது. உள்கூடு இரும்பு என்பதால் அங்கே ஒட்டும். ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். துரு தின்ற இரும்புத் தகட்டின்மேல் தடிமனாகப் புட்டி பூசியிருந்தாலும் காந்தம் ஒட்டாது. நம் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் 105இன் கீழ்ப்பகுதி அப்படித்தான் போகும்: பக்கவாட்டு சில், ஜாக்கி வைக்கும் இடம், ஸ்பேர் டயர் குழி, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள். அலுமினியம் என்றால் தகடு முழுக்க ஒரே மாதிரி ஒட்டாமல் இருக்கும். புட்டி என்றால் ஓரிடத்தில் ஒட்டும், ஒரு சாண் தள்ளி ஒட்டாது. விரலால் தட்டினால் ஒலியும் மாறும். பிறகு டார்ச் அடித்து, அலுமினியத் தகடு உள்கூட்டில் சேரும் ஓரங்களைப் பாருங்கள். ஜிடிஏவில் அங்கே ரிவெட் வரிசை தெரியும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1970இல் வந்த ஜிடிஏஎம் இரும்பு உடலில் செய்தது. அதில் காந்தம் ஒட்டினால் அது போலி என்று சொல்லிவிட முடியாது. எந்த மாதிரி என்று தெரிந்துகொண்டு காந்தத்தை எடுங்கள். நாலு சிலிண்டருக்கு எட்டு பிளக் இருக்கிறது என்பதும் தனியாகச் சாட்சி ஆகாது. இரட்டைப் பிளக் ஹெட் இன்று புதிதாகவே செய்து விற்கிறார்கள்.

அடுத்தது எஞ்சின் எண். எண்ணுக்கு முன்னால் இருக்கும் வகைக் குறியைப் படியுங்கள். ஏஆர் 00530 என்றால் 1300 எஞ்சின். ஏஆர் 00548 என்றால் 1750, அதாவது 1779 சிசி. ஏஆர் 00512 என்றால் 2000, அதாவது 1962 சிசி. இந்த எஞ்சின்கள் ஒரே குடும்பம், பெரிய வேலை இல்லாமல் மாற்றிப் போடலாம் என்பதால் 1300 ஜூனியரில் 2000 எஞ்சின் இருப்பது சகஜம். ஓட்டுவதற்கு அது நல்ல கார்தான். எனக்கும் அதில் குறை இல்லை. "1969இல் இந்த எஞ்சினோடுதான் ஓடியது" என்று மட்டும் சொல்ல முடியாது, 2000 வந்ததே 1971இல்.

சேசிஸ் எண் எஞ்சின் அறையின் பின்சுவரில் அடித்திருக்கும். முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள தண்ணீர்க் குழாயில் இலை அடைத்துத் தேங்கினால் அந்தப் பகுதியே துருப்பிடிக்கும். அதை வெட்டி ஒட்டிய கார்களில் எண்ணும் போயிருக்கலாம், வேறு காரின் எண்ணும் வந்திருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்தின் விளிம்பு மழுங்கினால் நல்ல காரும் சந்தேகத்துக்கு உள்ளாகும். தின்னர் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுங்கள். எழுத்தின் ஆழம், இடைவெளி, வரிசை சீராக இருக்கிறதா? சுற்றி வெல்டிங் தழும்போ கிரைண்டர் கீறலோ இருக்கிறதா? மறுபக்கம் கை எட்டினால் தடவிப் பாருங்கள். ஒட்டுத் துண்டு அங்கேதான் மாட்டும்.

அந்த எண்ணை இத்தாலியின் ஆரேஸேயில் உள்ள ஆல்ஃபா ரோமியோ ஆவண மையத்துக்கு அனுப்பி மூலச் சான்றிதழ் வாங்கலாம். உற்பத்தித் தேதி, முதல் நிறம், எங்கே விற்கப்பட்டது என்பது வரும். பந்தயம் ஓடியதா என்பது அதில் வராது.

பந்தய வரலாறு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஃபெராரி 250 ஜிடிஓ 3851ஜிடி நல்ல உதாரணம். 1962 செப்டம்பரில் பிரெஞ்சுப் பந்தய ஓட்டுநர் ஜோ ஷ்லெஸ்ஸர் வாங்கினார். ஒலிம்பிக் பனிச்சறுக்கு வீரர் ஆன்ரி ஓரெய்யேயோடு சேர்ந்து அதே மாதம் தூர் தெ பிரான்ஸ் ஆட்டோ என்ற பந்தயத்தில் இரண்டாம் இடம். அக்டோபரில் பிரான்சின் மோன்லேரி தடத்தில் ஓரெய்யே அதே காரில் விபத்தில் இறந்தார். நொறுங்கிய கார் தொழிற்சாலைக்குப் போய்ச் சீராகி வந்தது. 1963இல் பாவ்லோ கொலம்போ அதை மலையேற்றப் பந்தயங்களில் ஓட்டினார். பிறகு எர்னஸ்தோ பிரினோத். 1965இல் ஃபாப்ரிட்சியோ வியோலாட்டி. 2010இல் இறக்கும்வரை அவரிடமே இருந்தது. 2014 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 3 கோடியே 81 லட்சத்து 15 ஆயிரம் டாலர். அன்றைக்கு ஏலத்தில் எந்தக் காருக்கும் கிடைக்காத தொகை. ஓர் உயிர் போன விபத்தை யாரும் மறைக்கவில்லை. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதில் சங்கிலி அறாததால்தான் அந்த விலை. "விபத்தே ஆகாத பந்தயக் கார்" என்று ஒருவர் அழுத்திச் சொன்னால் நான் அதிகம் விசாரிப்பேன்.

நம் பக்கத்திலும் இப்படி ஒன்று வந்துபோயிருக்கிறது. கிறிஸ் ஏமன் 1969இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நடந்த டாஸ்மன் பந்தயத் தொடரை வென்ற ஃபெராரி டினோ 246டியை கிரேம் லாரன்ஸ் வாங்கி, 1970இல் அதே தொடரை வென்று, அந்த ஆண்டே தாம்சன் ரோட்டில் சிங்கப்பூர் கிராண்ட் பிரியும் ஜெயித்தார். ஒற்றை இருக்கைக் கார்தான், ஆனால் நம் வட்டாரத்தில் ஓடிய இத்தாலியக் கார்களில் இதைவிடத் தெளிவான வரலாறு அபூர்வம்.

உள்ளூர்ச் சாட்சி தேட முதல் இடம் பழைய ஸ்ட்ரைட்ஸ் டைம்ஸ் நாளிதழ். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையக் காப்பகத்தில் தேடலாம். பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி பல இடங்களில் தவறாகப் படித்திருக்கும். காரின் பெயரோடு நிற்காமல் ஓட்டுநர் பெயர், பந்தயத் தேதி என்றும் தேடுங்கள். முடிவுப் பட்டியலில் ஓட்டுநர், கார் வகை, பந்தய எண் இருக்கும், சேசிஸ் எண் இருக்காது. அந்த இடைவெளியை நிரப்புவது புகைப்படத்தில் தெரியும் நம்பர் பிளேட். பந்தயத்துக்கும் வந்த சாலைக் கார்களில் அதைத் தேடுங்கள்.

பிளேட்டிலும் கவனம் வேண்டும். பத்து தீகா 1968இல் திறந்தது. கோலாலம்பூர் 1974 பிப்ரவரியில்தான் கூட்டரசுப் பிரதேசம் ஆனது, அதுவரை சிலாங்கூரின் பி (B) எழுத்துதான், டபிள்யூ (W) பிறகு வந்தது. 1969 படம் என்று காட்டி அதில் டபிள்யூ பிளேட் இருந்தால் ஆண்டு தவறு, அல்லது படம் தவறு. பினாங்குக் கார் பி எழுத்தில் வந்தது என்று காதில் கேட்டதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சிலாங்கூருக்கும் பினாங்குக்கும் தமிழில் ஒரே எழுத்து, பிளேட்டில் வேறு வேறு: சிலாங்கூர் B, பினாங்கு P. எண்ணை வேறு காருக்கு மாற்ற முடியும் என்பதால், இன்றுள்ள பிளேட்டும் அன்றைய பிளேட்டும் ஒன்று என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய பதிவுப் புத்தகம் இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ பழைய கார்களுக்குத் தரும் பாஸ்போர்ட்டைக் காட்டி "வரலாறு சான்றளிக்கப்பட்டது" என்பவர்களும் உண்டு. கார் எந்தத் தொழில்நுட்ப அமைப்பில் பந்தயத்துக்குத் தகுதி என்பதைத்தான் அது சொல்கிறது. யார் ஓட்டினார் என்பதற்கு அது சான்று இல்லை.

மலேசியாவில் பெயர் மாற்றும்போது, வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோமின் பி5 பரிசோதனையில் சேசிஸ், எஞ்சின் எண்களைக் கெரானோடு, அதாவது வாகன உரிமைப் பத்திரத்தோடு, ஒப்பிடுவார்கள். எஞ்சின் மாற்றியது சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதிவாகாமல் இருந்தால் அங்கே நின்றுவிடும். அதை விற்பவர் தன் பெயரில் இருக்கும்போதே முடிக்கச் சொல்லுங்கள். கோப்பில் பென்சில் உரசல், எண்களின் படம், ஆரேஸே சான்றிதழ், நாளிதழ் நகல் எல்லாம் தேதியோடு இருக்கட்டும். இடையில் சில ஆண்டுகள் கார் யாரிடம் இருந்தது என்று தெரியாவிட்டால், "தெரியவில்லை" என்றே எழுதி வையுங்கள். ஊகத்தால் நிரப்பினால் அடுத்து வாங்குபவர் உண்மையான பக்கங்களையும் நம்பமாட்டார். கோப்பின் நகலைத் தர விற்பவர் மறுத்தால், முன்பணம் கட்டாதீர்கள்.